தண்ணி குடிக்கச் சொல்றீங்க, சரி. அப்புறம்?

ரெண்டு நாளா எனக்கு மனசு ஆறவே இல்லை. அதான் வலை பின்ற வேலையெல்லாம் ஓரமா வெச்சுட்டு போனை எடுத்து எழுத உக்காந்துட்டேன்.

எங்க குப்பத்துல இயற்கை மருத்துவ முகாம்னு ஒண்ணு நடந்துச்சு. அம்மன் கோயில் பக்கத்துல பந்தல், மைக்செட்டு, நாற்காலின்னு நல்லாத்தான் ஏற்பாடு பண்ணியிருந்தாங்க. பேச வந்தவரு வெளியூர்க்காரர். நான்தான் வீடு வீடாப் போயி "வாங்க, நல்ல விஷயம் சொல்லுவாங்க"ன்னு எல்லாரையும் கூட்டிட்டு வந்தேன். படுத்துக் கிடந்த என் உடம்பைத் தூக்கி நிறுத்தினதே இந்த வைத்தியம்தான். அந்தப் பாசம்.

மைக்கைப் புடிச்சதும் அவரு முதல்ல சொன்னது, "மீன் சாப்பிடறதை விடுங்க."

(பழவேற்காட்டுல வந்து!)

சரி, அதையாவது விட்டுடலாம். அடுத்து ஆப்பிள், அத்திப்பழம், பாதாம்பருப்பு சாப்பிடணுமாம். தினம் நாலு லிட்டர் தண்ணி குடிக்கணுமாம். கடைசியா ஒண்ணு சொன்னாரு பாருங்க, அப்பதான் எனக்கு அடிவயிறு கலங்குச்சு. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாமே விஷமாம். இன்னையோட தூக்கிப் போட்டா உடம்பு தன்னால சரியாயிடுமாம்.

எங்க அத்தை (மாமியாரைச் சொல்றேன்) முன்வரிசையில உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பல வருஷமா சர்க்கரை. முன்னெல்லாம் மாத்திரைக்கு வரிசையில நின்னா ஒரு வேளை வியாபாரம் போயிடும். அதனாலயே பாதி மாசம் மாத்திரை இல்லாம ஓட்டும். 2021 ஆகஸ்ட்ல 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகுதான் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. அதுக்கப்புறம்தான் அத்தையோட சர்க்கரை ஒரு கட்டுக்குள்ள நின்னுச்சு.

அடுத்த நாள் காலையில பார்த்தா மாத்திரை அட்டை அப்படியே மாடத்துல கிடக்கு. "இனிமே வேணாம்மா, அந்த ஐயாதான் சொல்லிட்டாரே"ங்குது.

எனக்கு வந்துச்சே கோவம்!

அத்தை மேல இல்லை. மைக் புடிச்சவரு மேல. எங்க ஊருல சர்க்கரை வந்தவங்க காலை ஒரு தடவை வந்து பாருங்க சார். நாங்க செருப்பில்லாம மணல்லயும் சேத்துலயும் நடக்கறவங்க. சிப்பி ஓடு ஒண்ணு கிழிச்சா போதும். சர்க்கரை ஏறி இருந்துச்சுன்னா அந்தப் புண்ணு ஆறாது. விரலை எடுத்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. அவங்க முன்னாடி உக்காந்துதான் மாத்திரை விஷம்னு பேசிட்டுப் போயிருக்கீங்க.

நாலு லிட்டர் தண்ணியும் அப்படித்தான். சிறுநீரகம் கெட்டவங்களுக்கும் இதயம் பலவீனமானவங்களுக்கும் தண்ணியையே டாக்டருங்க அளந்துதான் கொடுப்பாங்க. கூட்டத்துல யாருக்கு என்ன வியாதின்னு கேக்காமலே எல்லாருக்கும் நாலு லிட்டரா?

கோவம் இருக்கட்டும். இந்த வைத்தியத்து மேல எனக்கு ஏன் இவ்ளோ உரிமைன்னு கேப்பீங்க. அந்தக் கதையைச் சொல்றேன், கொஞ்சம் நீளம்.

நான் பொறந்ததும் குப்பம், வாக்கப்பட்டதும் குப்பம். எங்க வீட்டுக்காரருக்கு ஏரியில பாடு இருக்கு. (வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்: எங்க ஏரியில நினைச்ச இடத்துல நினைச்ச நேரத்துல வலை போட முடியாது. எந்தக் குப்பம், யாரு, எந்த நாள், எந்த இடம்னு முறை வெச்சுப் பிரிச்சிருக்காங்க. அதுதான் பாடு. பரம்பரையா வர்ற உரிமை.) ராத்திரியில போனா விடியறதுக்குள்ள வருவாரு. அவரு வர்ற நேரத்துக்கு நான் எழுந்து, இறாலையும் மடவையையும் பிரிச்சு, கூடையில ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோ புடிச்சு மார்க்கெட்டுக்குப் போயிடுவேன். உக்காந்தா மதியம் தாண்டித்தான் எழுந்திருப்பேன்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன்.

மார்க்கெட்ல எங்களுக்குக் கழிப்பறை கிடையாது.

ஒண்ணு இருந்துச்சு, பூட்டியிருக்கும். தெறந்திருந்தா உள்ள கால் வைக்க முடியாது. அதனால மீன் விக்கிற பொம்பளைங்க எல்லாரும் ஒரு பழக்கம் வெச்சிருந்தோம். காலையில ஒரு டீ. அதுக்கப்புறம் வீடு திரும்பற வரைக்கும் தண்ணி குடிக்கறதில்லை. வெயில்ல உக்காந்திருப்போம், நாக்கு ஒட்டும், ஆனா குடிக்க மாட்டோம். குடிச்சா எங்க போறது? எங்க ஆயா காலத்துல இருந்து இதே கதைதான். இதை யாரும் வியாதின்னு நினைக்கலை, பொழப்புன்னுதான் நினைச்சோம்.

இது எத்தனை வருஷம் ஓடும்? முதல்ல நீர்க்கடுப்பு வந்துச்சு. அப்புறம் மலச்சிக்கல், அப்புறம் மூலம். ரத்தம் போயிப் போயி சோகை. தலைவலி தினம். தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்புல ஒரு மாத்திரை, அது வயித்தை எரிக்குதுன்னு இன்னொரு மாத்திரை, வயிறு போகலைன்னு ஒரு பவுடர். ஒரு கட்டத்துல கூடையைத் தலைக்குத் தூக்கும்போதே கண்ணு இருட்டிடும். வீட்டுல யாரு என்ன பேசினாலும் எரிஞ்சு விழுவேன். எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா, "அம்மாவுக்கு இன்னிக்குத் தலைவலியா?"ன்னு கேட்டுட்டுத்தான் உள்ளயே வரும்.

மார்க்கெட்ல எனக்குப் பக்கத்துல கீரை விக்கிற அக்கா ஒருத்தங்க உண்டு. மூட்டுவலிக்கு அரும்பாக்கம் போயிட்டு வந்தாங்க. அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி அங்க 2000-ல இருந்து இருக்கு. அண்ணா இந்திய மருத்துவமனை வளாகத்துக்குள்ள. (இதுக்குன்னே தனிப் படிப்பு இருக்குன்னு எனக்கு அப்பதான் தெரியும். நாலரை வருஷம் படிச்சு, ஒரு வருஷம் பயிற்சியும் முடிச்சாத்தான் டாக்டர் பட்டம். மைக் புடிக்கிற எல்லாரும் இயற்கை மருத்துவர் ஆயிட முடியாது.)

"நீயும் ஒரு தடவை வந்து பாரேன்டி"ன்னு அந்த அக்கா கூட்டிட்டுப் போனாங்க.

அங்க ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. என் பொண்ணை விடக் கொஞ்சம்தான் பெரியவங்களா இருப்பாங்க. தலைவலின்னு சொன்னேன். எழுதிக்கிட்டே அவங்க கேட்டது, "அக்கா, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க? எங்க போவீங்க?"

நான் அப்படியே அழுதுட்டேன்.

அத்தனை வருஷத்துல எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை. ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. தலைவலிக்கு வந்தவகிட்ட இதைக் கேக்கணும்னு அந்தப் பொண்ணுக்குத் தோணுச்சு பாருங்க. அங்கதான் எனக்கு இந்த வைத்தியத்து மேல நம்பிக்கை வந்துச்சு.

சோகைக்குக் கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரையை விடாதீங்கன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. அதோட இடுப்புக் குளியல், வயித்துக்கு மண்பட்டி, கொஞ்சம் ஆசனம், மூச்சுப் பயிற்சி, உணவு அட்டவணை. ராத்திரிச் சாப்பாட்டை வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கணும்னாங்க. எல்லாம் கேக்க சுலபமா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து பண்ண ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சது, இது ஒவ்வொண்ணுக்கும் எங்க ஊருல ஒரு தடை இருக்கு.

இடுப்புக் குளியலையே எடுத்துக்கோங்க. பச்சைத் தண்ணி ஊத்தின தொட்டியில இடுப்பு மட்டும் நனையற மாதிரி கொஞ்ச நேரம் உக்காரணும், அவ்ளோதான். ஜெர்மனியில லைப்சிக் ஊர்க்காரர் லூயி கூனே பிரபலமாக்கினது. அவரோட புத்தகம் 1894-லயே தெலுங்குல வந்துடுச்சு, இந்தியாவுல இந்த வைத்தியம் பரவினதே அதுக்கப்புறம்தான்னு சொல்லுவாங்க. (எங்க ஏரியில பெரும்பகுதி ஆந்திராவுலதான் இருக்கு. தெலுங்குப் புத்தகம்னதும் எனக்கு ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி சந்தோஷம்.) ஆனா தொட்டித் தண்ணிக்கு நான் எங்க போவேன்? நல்ல தண்ணி குழாயில கொஞ்ச நேரம்தான் வரும், குடிக்கவே பத்தாது. போர்த் தண்ணி உப்பு, உக்காந்து எழுந்தா தோலெல்லாம் நமைச்சல். கடைசியில மழைக்காலத்துல ஓட்டுத் தண்ணியைப் புடிச்சு வெச்சேன். மத்த நாள்ல உப்புத் தண்ணியில உக்காந்துட்டு, எழுந்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணியால கழுவிக்கறேன். தொட்டித் தண்ணியை வீணாக்கறதில்லை, அதுலதான் கழிப்பறையைக் கழுவி விடறேன்.

மண்பட்டியில இன்னும் கூத்து. ஏரிக்கரையில இருக்கறவளுக்கு மண்ணுக்கா பஞ்சம்னு நினைச்சு, கரையில போயி கறுப்புச் சேத்தை அள்ளிட்டு வந்தேன். அத்தை மோந்து பார்த்துட்டு, "இதை வயித்துல போட்டா நாளைக்கு நண்டு புடிக்க உன் வயித்துக்குத்தான் வருவாங்க"ன்னுச்சு. அழுகின முட்டை வாடை. காத்துப்படாத சேத்துல கந்தகம் சேர்ந்து வர்ற வாடை அது. உப்பு வேற, உடைஞ்ச சிப்பி வேற, ஊர்க் கழிவுத் தண்ணி கலக்கறது வேற. அந்த டாக்டரம்மாகிட்ட கேட்டதுக்கு, தரையில மூணு நாலு அடி ஆழத்துல இருக்கற சுத்தமான களிமண்ணுதான் வேணும், உரம் போட்ட வயல் மண்ணும் ஆகாதுன்னாங்க. பொன்னேரிப் பக்கத்துல தெரிஞ்சவங்க கிணறு தோண்டினப்ப ஒரு மூட்டை கேட்டு வாங்கினேன். வெயில்ல நல்லாக் காயவெச்சு, கல்லு நீக்கிச் சலிச்சு, ராத்திரி ஊறப்போட்டு, பழைய வேட்டித் துணியில பரப்பி அடிவயித்துல வெச்சா... அடடா! அந்தக் குளிர்ச்சி இருக்கே, அதை எழுதிக் காட்ட எனக்குத் தெரியலை.

காந்திக்கும் இதே மலச்சிக்கல், இதே தலைவலிதான்னு படிச்சப்ப எனக்கு எவ்ளோ ஆறுதல் தெரியுமா? தென்னாப்பிரிக்காவுல வக்கீலா இருந்தப்ப. மான்செஸ்டர்ல காலைச் சாப்பாட்டையே விட்டவங்க ஒரு சங்கம் வெச்சிருக்காங்கன்னு படிச்சுட்டு இவரும் விட்டுப் பார்த்திருக்காரு. தலைவலி போயிடுச்சு, மலச்சிக்கல் போகலை. கூனே சொன்ன இடுப்புக் குளியலும் பண்ணியிருக்காரு. கொஞ்சம் தேவலை, முழுசா இல்லை. அப்புறம் அடால்ஃப் யுஸ்ட்னு இன்னொரு ஜெர்மன்காரர் புத்தகத்தைப் படிச்சுட்டு ஈரமண்ணைத் துணியில வெச்சு ராத்திரி வயித்துல கட்டிக்கிட்டாரு. அதுலதான் குணம் கிடைச்சதாம். எல்லாத்தையும் தன் சுயசரிதையில எழுதியிருக்காரு. ஆனா கூடவே, நான் எழுதினதை எல்லாம் வேதவாக்கா எடுத்துக்காதீங்கன்னும் எச்சரிச்சிருக்காரு. அந்த ஒரு வரிக்காகவே அந்த மனுஷனை எனக்குப் புடிக்கும்.

ஏன்னா எனக்கு அவரோட காலைப் பட்டினி ஒத்து வரலை. கூடையைத் தூக்கறவளுக்கு, அதுவும் சோகை புடிச்சவளுக்கு, வெறும் வயிறு ஆகுமா? மார்க்கெட்லயே மயக்கம். கீரை அக்காதான் சோடா வாங்கிக் கொடுத்தாங்க. அன்னிக்கே அதை விட்டுட்டேன். அதுக்குப் பதிலா இப்ப கேழ்வரகுக் கூழ். ஆடி மாசம் அம்மனுக்கு ஊத்தறோமே, அதே கூழ்தான். மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோட ஒரு சொம்பு குடிச்சா மதியம் வரைக்கும் தாங்குது. டீயும் பன்னும் போயே போச்சு.

சமைக்காத உணவுன்னு ஒரு வழி இருக்கே, அதையும் பார்த்தேன். தென்காசி பக்கம் சிவசைலத்துல மூ. ராமகிருஷ்ணன்னு ஒருத்தர் ஆசிரமம் வெச்சு, தேங்காயும் பழமும்தான் மனுஷனுக்கு உணவுன்னு வாழ்ந்தே காட்டினவரு. அவரு மேல எனக்குப் பெரிய மரியாதை. ஆனா அது மலையடிவாரம். கடனா நதி ஓடுது, தோப்பு இருக்கு. எங்களுக்கு உப்புக் காத்தும் மணலும்தான். நாங்க கடையில வாங்கற தேங்காய் விலைக்கு ரெண்டு வேளை சாப்பாட்டை முடிச்சுடலாம்.

அப்ப எங்க மணல்ல என்ன இருக்கு? பனை இருக்கு. சித்திரை, வைகாசியில நுங்கு. அப்புறம் பனம்பழம். தை மாசம் பனங்கிழங்கு (நாரு நாரா வருமே, மலச்சிக்கலுக்கு அதை மிஞ்சினது எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்லை). ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், கடல்ல விசைப்படகுக்குத் தடைக்காலம். கையில காசு குறையற அந்த நேரத்துலதான் மரத்துல நுங்கு தொங்குது. அப்புறம் முருங்கை. மணல்ல குச்சியை நட்டா போதும். இப்ப எங்க வீட்டுப் பின்னாடி மூணு மரம் நிக்குது, தெருவே வந்து கீரை பறிக்குது. ஆப்பிள், அத்திப்பழம்னு சொன்ன அந்த மனுஷன் மேடையை விட்டு எறங்கி எங்க தெருவுல ஒரு நடை நடந்திருந்தா, பனங்கிழங்கைப் பத்திப் பேசியிருப்பாரு.

காந்தி இந்த விஷயத்துல ரொம்பத் தெளிவா இருந்திருக்காரு. புனே நகரத்துல ஏழைகளுக்கு இயற்கை மருத்துவமனை நடத்தலாம்னு முதல்ல நினைச்சாரு. அது சரிப்படாது, கிராமத்துக்குத்தான் போகணும்னு 1946 மார்ச்சுல உருளிகாஞ்சன்ங்கற ஊருக்குப் போயிட்டாரு. அந்த வருஷம் எழுதறாரு: கிராமத்துக்கான இயற்கை வைத்தியம் அந்தக் கிராமத்துலயே கிடைக்கற பொருளாலதான் நடக்கணும், எனக்கு மின்சாரமும் வேணாம் ஐஸும் வேணாம்னு. (எங்களுக்கு ஐஸ் வேணும். மீனுக்கு!)

மீன் விஷயத்துக்கு வரேன். சிகிச்சை நடந்தப்ப மீன் வேணாம்னாங்க, கேட்டேன். முடிஞ்சதும் மறுபடி சாப்பிட ஆரம்பிச்சேன், இப்பவும் சாப்பிடறேன். பொரிக்கறதை மட்டும் விட்டுட்டேன். காரப்பொடி மீனோ மடவையோ கொஞ்சமாப் புளி போட்டுக் குழம்பு, இல்லைன்னா வாழையிலையில சுருட்டிச் சுட்டது. இயற்கை வைத்தியத்துல தீவிரமா இருக்கறவங்க என்னைத் திட்டலாம், பரவாயில்லை. ஏரியில அன்னன்னிக்குப் புடிச்ச மீனை விட எங்க புள்ளைங்களுக்குச் சுலபமா கிடைக்கற நல்ல சத்து வேற என்னங்க இருக்கு? அதை நிறுத்திட்டு அந்த இடத்துல எதை வைப்பீங்க? கடையில தொங்கற பாக்கெட்டையா?

நான் குறைச்சது கருவாடு. இது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு அஞ்சு கிராம் உப்புக்குக் கீழதான்னு சொல்லுது, அதாவது மட்டமா ஒரு டீஸ்பூன். எங்க வீட்டுல கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், கூழுக்கு மோர்மிளகாய்னு சேர்த்தா எங்கயோ போகும். தண்ணி குடிக்காம இவ்ளோ உப்பைத் தின்னா பிரஷர் ஏறாம என்ன பண்ணும்?

உப்புன்னதும் கஸ்தூரிபா ஞாபகம் வருது. தென்னாப்பிரிக்காவுல அவங்களுக்கு உதிரப்போக்கு நிக்கவே இல்லை. உப்பையும் பருப்பையும் விடுன்னு காந்தி கெஞ்சறாரு. "உங்களைச் சொன்னா நீங்களே விட மாட்டீங்க"ன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. உடனே அவரு, சரி, நான் ஒரு வருஷத்துக்கு விட்டேன்னுட்டாரு! அந்தம்மா அழுது, நீங்க சாப்பிடுங்க நான் விட்டுடறேன்னு சொல்லியும் கேக்கலையாம். இதை நான் எங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். சிரிச்சாரு. ஆனா மறுநாள்ல இருந்து சோத்துல கல்லுப்பு போட்டுப் பிசையறதை விட்டுட்டாரு. அவருக்கும் பிரஷர் இருக்கு, மாத்திரை சாப்பிடறாரு, உப்பு குறைச்சதுல டாக்டரும் சந்தோஷம்.

தூக்கத்தைத்தான் என்னால இன்னும் சரி பண்ண முடியலை. ஏரி சொல்ற நேரத்துக்குத்தான் நாங்க எழுந்திருக்கணும். அமாவாசை இருட்டுல இறால் நல்லாக் கிடைக்கும், அன்னிக்கெல்லாம் வீட்டுல யாருக்கும் ராத்திரித் தூக்கம் கிடையாது. புத்தகத்துல "சூரியன் மறைஞ்சதும் படு"ன்னு இருக்கு. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமா இருக்கும். மதியம் மார்க்கெட் முடிஞ்சு வந்ததும் கதவைச் சாத்திட்டுத் தூங்கறேன், போனை அணைச்சுட்டு. ராத்திரிச் சாப்பாடு மட்டும் எப்படியோ முன்னாடி வந்துடுச்சு. அவரு கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுடறோம்.

இத்தனையும் சொன்னேனே, என் உடம்பு நிஜமா மாறினது எதுலன்னு கேட்டீங்கன்னா, நான் மண்பட்டின்னு சொல்ல மாட்டேன்.

கழிப்பறை.

தூய்மை இந்தியாத் திட்டத்துல கட்டின கழிப்பறை எங்க வீட்டுல இருந்துச்சு. உள்ள என்ன இருந்துச்சுன்னு நினைக்கறீங்க? வலை. மிதவைக்கட்டை. பழைய துடுப்பு. தண்ணி இல்லாத ஊருல கழிப்பறை கிடங்கு ஆயிடும், எங்க தெருவுல பாதி வீட்டுல இப்பவும் அப்படித்தான். அதையெல்லாம் எடுத்து வெளிய போட்டு, கதவைச் சரி பண்ணி, வாசல்ல ஒரு டிரம்ல தண்ணி ரொப்பி வெச்சோம். மார்க்கெட்ல, பின்னாடி தெருவுல இருக்கற ஒரு தையல்கடைக்காரம்மா தன் வீட்டுக் கழிப்பறையை எங்களுக்கு விட்டாங்க. மாசம் ஒரு தொகை கொடுத்துடறோம், அப்பப்ப மீனும் போகும். அதுக்கப்புறம்தான் நான் கூடைக்குப் பக்கத்துல தண்ணி பாட்டிலை வெச்சேன். அதுக்கப்புறம்தான் நீர்க்கடுப்பு நின்னுச்சு, வயிறு தன்னால இளகுச்சு, மூலம் அடங்குச்சு, ரத்தம் போறது நின்னதால மாத்திரையும் கீரையும் உடம்புல ஒட்டுச்சு. தலைவலி? எப்பவாவது வரும், போயிடும்.

இப்ப எங்க மார்க்கெட் பொம்பளைங்களுக்கு நான் சொல்ற முதல் வைத்தியம், வெட்கப்படாம ஒண்ணுக்குப் போங்கங்கறதுதான். ரெண்டாவது, பாட்டில். மத்ததெல்லாம் பிறகு.

ஆனா எல்லாருக்கும் தையல்கடைக்காரம்மா கிடைக்க மாட்டாங்க. ஏரியில இறால் தடவற இருளர் பொம்பளைங்க இருக்காங்க. இறால் போடற பறியை வாயில கவ்விக்கிட்டு, இடுப்பளவு உப்புத் தண்ணியில மணிக்கணக்கா உக்காந்து நகர்ந்து, கையாலயே இறாலைத் துழாவிப் புடிப்பாங்க. எங்க ஏரி ஆழமே சராசரியா ஒரு மீட்டர்தான், அதனாலதான் இந்த வேலையே நடக்குது. அவங்களுக்கு எந்த மேடையில நின்னு தண்ணி குடிங்கன்னு சொல்றது? குடிதண்ணி எங்க, மறைவிடம் எங்க? முகாம் நடத்தறவங்க அடுத்த தடவை மைக்செட்டுக் காசுல அவங்க கரையில ஒரு தண்ணித் தொட்டியும் ஒரு கழிப்பறையும் கட்டிக் கொடுங்க. நான் கூட வந்து செங்கல் தூக்கறேன், சத்தியமா.

இன்னொண்ணும் சொல்லணும். முகத்துவாரம் அடைச்சுக்கிட்டா ஏரிக்குள்ள கடல்தண்ணி வர்றதும் போறதும் நின்னுடும். வெயில்ல உப்பு ஏறும், மீன் குறையும். அந்த மாசங்கள்ல எங்க தெருவுல எல்லார் வீட்டுலயும் பிராய்லர் கோழியும் பாக்கெட் மசாலாவும்தான். புள்ளைங்க உடம்பு வெச்சுடுது, ஆனா சோர்ந்து கிடக்குது. அதைப் பார்த்துட்டுத்தான் சொல்றேன், முகத்துவாரத்தைத் தூர்வாருங்கன்னு நாங்க கேக்கறது எங்க உடம்புக்காகவும் சேர்த்துத்தான்.

சரி, அத்தை கதைக்கு வரேன். சண்டை போட்டா கேக்காது, அது அப்படி ஒரு பிடிவாதம். காந்தி கதையையே எடுத்தேன்.

"அத்தை, இந்த வைத்தியத்தை ஊருக்கெல்லாம் சொன்ன காந்திக்கே 1924 ஜனவரியில குடல்வால் வீங்கிடுச்சு. ஜெயில்ல இருந்தாரு. என்ன பண்ணாரு தெரியுமா?"

"மண்ணு வெச்சுக்கிட்டாரா?"

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு. புனே சாசூன் ஆஸ்பத்திரியில, மேடக்குன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர்கிட்ட. நடுவுல கரண்ட் போயி, லாந்தர் வெளிச்சத்துல முடிச்சாங்களாம்."

அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்துச்சு. "வெள்ளைக்காரன்கிட்டயா? அவன்தான ஜெயில்ல போட்டான்?"

"ஆமா."

"அவனையே நம்பிப் படுத்தாரா?"

"ஆமா அத்தை. நீ முதல்ல மாத்திரையைப் போடு. கூழும் குடி, கீரையும் தின்னு, சாயங்காலம் என் கூடக் கரையில நட. எல்லாமே பண்ணலாம். சர்க்கரை இறங்கினா டாக்டரே மாத்திரையைக் குறைப்பாரு."

போட்டுச்சு. முணுமுணுத்துக்கிட்டேதான், ஆனா போட்டுச்சு.

நேத்து சாயங்காலம் முகாமுக்கு வந்த மத்த வீடுகளுக்கும் ஒரு நடை போயி, மாத்திரையை நிறுத்தினவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டுட்டு வந்தேன். நான்தான கூட்டிட்டுப் போனேன், நான்தான் கேக்கணும். ரெண்டு பேர் நிறுத்தியிருந்தாங்க. ஒருத்தங்க உடனே கேட்டுக்கிட்டாங்க. இன்னொருத்தரு, எங்க வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, பிரஷர் மாத்திரையை விட்டுட்டு உக்காந்திருக்காரு. நாளைக்குக் காலையில அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி பிரஷர் பார்க்கணும். வர மாட்டேன்னாரு. வருவாரு, விட மாட்டேன்.

அரும்பாக்கம் எப்படிப் போறதுன்னு முன்னாடியே நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. பழவேற்காட்டுல இருந்து பஸ்ல பொன்னேரி, அங்க இருந்து மின்சார ரயில்ல சென்ட்ரல், அப்புறம் மெட்ரோவுல அரும்பாக்கம் இறங்கி விசாரிச்சுப் போகலாம். காலையில முடிஞ்ச வரைக்கும் சீக்கிரம் போயிடுங்க. சாப்பிடற மாத்திரை அட்டை ஒண்ணு விடாம, கடைசியா எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு, எல்லாத்தையும் பையில போட்டுக்கோங்க, அவங்க கேப்பாங்க. கூடவே ஒரு துண்டும், மாத்திக்க ஒரு பழைய சேலையும் எடுத்துட்டுப் போங்க. மண்பட்டி போட்டா துணியெல்லாம் கறையாயிடும்.